பின் சக்கரத்துக்கு ஒரு டயர்

சைக்கிளுக்கு முன் டயர் எடுப்பதும் பின் டயர் எடுப்பதும் ஒன்றல்ல, அம்மிணி. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வளையம்தான். ஆனால் முன் டயர் வழியைப் பிடிக்கிறது, பின் டயர் ஆளைச் சுமக்கிறது. மலையேறுகிற கரண்டு சைக்கிளில் மோட்டாரின் இழுப்பு முழுவதும் பின் சக்கரத்துக்கே போய்விடுகிறது. அதனால் பின் டயரைப் பார்த்து எடுக்க வேண்டும். நான் பார்த்துத்தான் எடுத்தேன்.

நடந்ததைச் சொல்லிவிட்டால் சீக்கிரம் போகலாம் என்று ஸ்டேஷன் வாசலில் நின்ற பெண் போலீஸ் சொன்னாள். எனக்கும் அதுதான் வேண்டும். இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் சித்ரா, அப்பாவைத் தன் வீட்டுக்குத்தான் கூட்டிப் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் வீட்டில் கட்டில் உயரம், கக்கூஸ் மாடியில். இடுப்பு உடைந்த மனிதரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவர் என்னோடுதான் வர வேண்டும். அதற்காகத்தான் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் குடியுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

என் பெயர் ராமாத்தாள். வீட்டுக்காரர் குழந்தைவேல். நாமக்கல்லில் எங்களுக்கு ரீட்ரெட் பட்டறை இருந்தது. தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர் ஒட்டி, வேக வைத்துக் கொடுப்போம். லாரிக்காரர்களோடு பேச்சும் சிரிப்பும் அவர் வேலை. டயரைத் தொட்டு, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்வது என் வேலை. ஆயிரம் பேர் வந்து போன பட்டறை. ஒரு டிரைவர்கூட என் கையைக் குறை சொன்னதில்லை.

அந்தக் காலத்தில்தான் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு சாகும் வரை படுக்கைதான். அவருக்கு ஊட்டிவிட்டது, துடைத்துவிட்டது, புரட்டிப் போட்டது எல்லாம் நான். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. சொந்தபந்தம் வந்து பார்த்துவிட்டு, மருமகள் என்றால் ராமாத்தாள்தான் என்று சொல்லிவிட்டுப் போகும். அதற்கு முன்னால் அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகாது. படுத்த பிறகு, "ராமாத்தா, ராமாத்தா" என்று நாள் முழுக்க என் பெயர்தான். ஒரு மனிதர் நம்மை விட்டால் வேறு ஆள் இல்லாமல் நம்மையே கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சின்னப் பிள்ளை.

பட்டறையைக் கொடுத்துவிட்டு, மலையடிவாரமாக இருக்கட்டும் என்று கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்தோம். அத்தையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். அவர் போன மறுநாள் காலையில் எழுந்து, வழக்கம்போலத் துடைக்கச் சுடுதண்ணீர் வைத்துவிட்டேன். தண்ணீர் கொதித்தது. யாருக்கு என்று அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

சித்ரா கூட இருந்திருந்தாலாவது பரவாயில்லை. சின்ன வயதில் அவளுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் மடியை விட்டு இறங்க மாட்டாள். என் கஷாயத்தைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது. கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒரு தலைவலிகூட வந்ததில்லையாம். அதையும் உங்களிடம் சொல்லியிருப்பாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. காவிரித் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொண்டது, அவ்வளவுதானே.

அந்தக் கரண்டு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள்தான். அப்பாவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, உடம்பு ஆட வேண்டும் என்றாள். தடித்த சக்கரம், உள்ளே பேட்டரி. முதலில் ஏரிக்கரை வரை போய் வந்தார். பிறகு ஏற்காட்டு மலை மேல் கண் போயிற்று.

"இந்த வயசுல எதுக்குங்க மலையேத்தம்?" என்று கேட்டேன்.

"எந்த வயசுல? நானா ஏறறேன், மோட்டாரு ஏத்தியுடுது. இறங்கறப்பப் பாக்கோணும் நீயி. பதினெட்டு வயசுப் பையன் தோத்துப் போவான்."

"உழுந்தா?"

"உழுந்தா நீ இருக்கறயில்ல," என்று சிரித்தார்.

இதை அவரேதான் சொன்னார். குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டில் அவர் தங்குவதே இல்லை. காலையில் போனால் வெயில் ஏறித்தான் வருவார். சோறு எடுத்து வைத்தால், "மேல மொளகா பஜ்ஜி தின்னுட்டேன் புள்ள, பசியில்லை" என்பார். தட்டைத் தானே கழுவுவார். சட்டையைத் தானே துவைத்துக் காயப்போடுவார். நகம் வெட்டிவிட வருகிறேன் என்றால், "கையில்லாதவனா நானு?" என்பார். கோபமாக இல்லை, சந்தோஷமாகத்தான். சர்க்கரைகூட இறங்கிவிட்டது. அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து நாள்வாரியாகப் பிரித்து வைப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சமாக இருந்தது. டாக்டர் அதிலும் பாதியைக் குறைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பின் டயர் தேய்ந்தது. முன் டயரும் சுமார்தான்.

"டயர் பாக்கற கை உன்னோடது, ராமாத்தா," என்றார். "ஃபேர்லேண்ட்ஸுல அந்த சைக்கிள் கடைக்குப் போயி நீயே பாத்து எடுத்துட்டு வா. நீ எடுத்தா நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

எத்தனை வருடத்துக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டார் தெரியுமா, அம்மிணி?

கடையில் பிரபா என்ற பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். இந்த வண்டி சாதாரண சைக்கிளைவிடப் பாரம் அதிகம். அதனால் பின் டயருக்குப் பக்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். ரப்பர் மெத்தென்று இருந்தால் சீக்கிரம் தேயும், ஆனால் ஈரத்திலும் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், ஈரத்தில் விட்டுவிடும். காற்றும் கல்லாக அடிக்கக் கூடாது.

"ஏங்கண்ணு, வழுக்குனா எந்தச் சக்கரம் ஆபத்து?" என்று கேட்டேன்.

"முன்னாடிதாங்கம்மா. முன்னாடி வழுக்குனா தலைகுப்புறப் போயிடுவாங்க. பின்னாடின்னா வண்டி பக்கவாட்டுல படுத்துக்கும், இடுப்புல அடிபடும். ரெண்டுமே எதுக்குங்கம்மா நமக்கு?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. முன் டயருக்கு அந்தக் கடையிலேயே உசத்தியான, மெத்தென்ற ரப்பரை எடுத்தேன். அவர் தலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது இல்லையா? பின் டயருக்கு, உள்ளே ஆணியில் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினேன். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. கிடந்து கிடந்து இறுகிப்போன ரப்பர். ரோட்டைத் தொடுகிற மேல் பட்டன்கள் மட்டும் புதுசாக, உயரமாக நின்றன.

பிரபா தயங்கினாள். "அது பழைய சரக்குங்கம்மா. ஏற்காடு இறங்கறவங்களுக்கு நான் தரமாட்டேன்."

"எங்க ஊட்டுக்காரரு மலைக்கே போறதில்லீங்க கண்ணு. ஏரிக்கரையோட சரி."

இது பொய் என்று அவள் வந்து உங்களிடம் சொல்லிவிட்டாள். பொய்தான். ஆனால் அது என் ஆசையும்கூட.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு டயரையும் அவர் முன்னால் வைத்தேன். பயந்துகொண்டுதான் நின்றேன். அவரும் டயரோடு வாழ்ந்த மனிதர்தானே. பின் டயரை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை.

"அட, கல்லாட்டருக்குது! ரெண்டு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம். ஏம்புள்ள, முன்னால நல்லது, பின்னால உழைக்கறது. நம்ம லாரிக்கணக்கையே போட்டுட்டியே."

லாரிக்கணக்கு அப்படித்தான், அம்மிணி. புது டயர் முன்னால், ரீட்ரெட் பின்னால். கெட்டி ரப்பர் என்றால் நல்ல ரப்பர். நாமக்கல்லில் யாரும் டயர் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டதில்லை, எவ்வளவு தூரம் ஓடும் என்றுதான் கேட்பார்கள். லாரிக்குப் பின்னால் அத்தனை சக்கரம் இருக்கிறது, ஒன்று விட்டால் ஒன்று பிடிக்கும். சைக்கிளுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். வெயில் நாளில் அந்த டயர் நன்றாகவே ஓடியது. மேலிருந்து வந்து, "உன் கை கைதான்" என்று ஒரு நாள் சொன்னார். அன்று எனக்கு மனசு கேட்கவில்லை. மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அவரே தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சேர்வராயன் மலையில் மேகம் இறங்கி நின்றது. சக்கரங்களுக்குக் காற்று அடித்து வைத்தேன். முன்னால் அளவாக, பின்னால் நிறைய. பிறகு அவரை எழுப்பினேன்.

"மழை உட்டிருச்சுங்க. மலை பச்சைப்பசேல்னு இருக்குது. போயிட்டு வாங்க."

படுத்தபடியே என்னைப் பார்த்தார். "நீயா சொல்றே? இன்னைக்கு என்ன, மனசு குளுந்து போச்சாட்டருக்குது?"

பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தேன். தலைக்கவசத்தின் வாரை நானே மாட்டி, இழுத்துப் பார்த்தேன். அதற்கு மட்டும் மறுப்புச் சொல்லாமல் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அவர் சாமி என்று கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் விட்டுவிட்டது. பிரபா சொன்ன மாதிரியேதான், பக்கவாட்டில் போய்த் தடுப்புச் சுவரில் இடித்துக்கொண்டார். தலையில் ஒரு கீறல் இல்லை. இடுப்பு மட்டும்தான். நான் எடுத்த முன் டயர் கடைசி வரைக்கும் ரோட்டை விடவில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்களாம். கேட்கவே திருப்தியாக இருந்தது.

சித்ராவுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று எனக்குத் தெரியும். விபத்து நடந்த அன்றைக்கே அப்பாவுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் ஜன்னலோரமாக அத்தையின் கட்டில் போட்டிருந்தது. மேலே ரப்பர் விரிப்பு, அதன் மேல் வெளுத்த துணி. கீழே மலச்சட்டி கழுவிக் காய்ந்து இருந்தது. பரணில் கிடந்ததையெல்லாம் முதல் நாளே இறக்கித் துடைத்து வைத்திருந்தேன். நான் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வெகுநேரம் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகுதான் பிரபாவைத் தேடிப் போயிருக்கிறாள். ஒரு காரியத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதைக் குற்றம் என்று சொன்னால் எந்தக் குடும்பம் உருப்படும்?

அத்தை விழுந்த இடத்தில் எண்ணெய் இருந்ததையும் அவள் சொல்லியிருப்பாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஆனாலும் கண் கூர்மை. அன்று எண்ணெய்க் குளியல் நாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் தலைக்கு எண்ணெய்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அத்தைக்கு எண்ணெயை ஊற்றி வைத்தவள் நான். இவருக்கு அந்தப் பின் டயரைத் தெரிந்தே எடுத்தவள் நான். யார் உயிருக்கும் நான் ஆசைப்படவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். நான் வார்டுக்குள் போனதும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். நர்ஸ் அதைப் பயம் என்று உங்களிடம் சொன்னாளாம். அவளுக்கு என்ன தெரியும்? ராமாத்தாள் வந்துவிட்டாள், இனித் தூங்கலாம் என்கிற நிம்மதி அது.

தை பிறப்பதற்குள் எழுந்து நடந்துவிடுவார், தினமும் நிற்க வைத்துப் பழக்கினால் போதும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பெரிய படிப்புப் படித்தவர், சொல்லட்டும். அத்தைக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அம்மிணி. பாவம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை எழுந்திருக்கப் பார்த்தார். நான் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு அத்தை சிரமம் என்று, ஒவ்வொரு தடவையும் மெதுவாகப் பிடித்துப் படுக்க வைத்துவிடுவேன்.