அப்பாவின் எஞ்சின்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள்: "அப்பாட மீன்பிடி போட் எஞ்சின நேத்து முழுசாக் கழட்டிப் போட்டன், மாமி."

அவளுடைய சட்டையில் தொழில்நுட்பக் கல்லூரியின் சின்னம் இருந்தது. மாம்புரியில் ஏறிப் பக்கத்தில் அமர்ந்திருந்த மாமி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஐயோ! அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல. சிலாபத்துக்குப் போனவர். இப்பதான் வீட்ட வந்திருப்பார்."

"அதுதானே பிள்ள உங்கட சோறு!"

"ஓம், அதனாலதான் கழட்டினன். கொஞ்சத் தூரம் போனாலே சூடாகி நிண்டுடுது. ரெண்டு பேர் பாத்தும் சரிவரல்ல. போன கிழம வகுப்பில நாங்க இதே மாதிரி எஞ்சினத்தான் கழட்டிப் பூட்டினம்."

பையிலிருந்து தேய்ந்துபோன ரப்பர் சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"எஞ்சின் சூடாகாம இருக்கத் தண்ணி இழுக்கிற சக்கரம். இதில புதுசு வாங்கிப் போட்டா ஓடும்."

"திரும்பப் பூட்ட ஏலாமப் போனா?"

"கழட்டினவளுக்குப் பூட்டத் தெரியாதா, மாமி?"

அப்போது அவளுடைய போன் அடித்தது.

"ஓம் அப்பா, நான்தான். ஓம், எல்லாத்தையும். பின்னேரம் வந்து பூட்டுறன்."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏசினாரா?"

"இல்ல மாமி. கோழி வந்து நட்டுகளக் கிளறிப்போடுமெண்டு, பக்கத்தில கதிரை போட்டு இருக்கிறாராம். நான் வாற வரைக்கும் எழும்ப மாட்டாராம்."