என் நம்பருக்கு வந்த தகவல்

பன்னிரண்டு வருடமாக நான் போன் நம்பரை மாற்றியதில்லை. திருமானூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவளுக்கு அது முக்கியம். சாதிச் சான்றிதழோ முதியோர் பென்ஷனோ, எதைப் பதிந்தாலும் ஒரு நம்பர் கேட்கும். அதற்கு ஓடிபி வரும். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் போன் இருக்காது, இருந்தாலும் வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். "உன் நம்பரையே போட்டுக்க ஜோதி" என்பார்கள். போட்டுக்கொள்வேன். அது தப்பு என்று இன்றைக்கு நீங்கள் சொல்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழ்மொழிக்கும் அப்படித்தான் போட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதி. ஆஃபருக்கு ஆஃபர் சிம் மாற்றுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆன்லைனில் ஒரே இடத்தில் சேருகிற அட்டை வந்தபோது, நான்தான் அவளை வற்புறுத்தி எடுக்க வைத்தேன். கவுண்டரில் அட்டையை நீட்டினால் பேர், வயது, நம்பர் எல்லாம் தானாக வந்து விழும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

"என் சீக்கெல்லாம் கண்டவங்க பாப்பாங்களோ?" என்று கேட்டாள்.

"யாரு பாக்கப் போறா? அதான் நான் இருக்கேன்ல" என்றேன். சிரித்துக்கொண்டே விரல் ரேகை வைத்தாள்.

எங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், அவளுக்கு ஒன்பது. ஊரில் வளைகாப்பு என்றால் எங்களை வளையல் அடுக்க விடமாட்டார்கள். பந்தி பரிமாற மட்டும் கூப்பிடுவார்கள். பரிமாறிவிட்டு, அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பஸ் நிறுத்தத்துக்கு வந்து ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடிப்போம். அங்கே வந்திருந்த பொம்பளைகளின் நகையையும் பேச்சையும் கேலி செய்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்போம். எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் தேவைப்பட்டதில்லை.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒருவருக்கு வாரிசுச் சான்றிதழ் பதிந்துகொண்டிருந்தேன். அரியலூரில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து என் போனுக்குத் தகவல் வந்தது. தமிழ்மொழியின் பரிசோதனை முடிவு சேர்க்கப்பட்டிருக்கிறதாம். அவளுக்கு என்னவோ ஏதோ என்று பதறித்தான் திறந்தேன். கர்ப்பம் என்று இருந்தது. ஏழாவது வாரம்.

ஏழு வாரம், மேடம். அதில் நாற்பது நாளாவது அவள் என் கடையில் வந்து உட்கார்ந்திருப்பாள். திருச்சியில் குழந்தைக்காக வைத்தியம் பார்த்த பழைய சீட்டுகளையும் அன்றைக்குத்தான் அதில் ஏற்றியிருந்தார்கள். எட்டு மாத வைத்தியம். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன தேதிகள்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லமாட்டார்கள், அது எங்கள் பக்கத்து வழக்கம். கண் பட்டுவிடுமாம். எனக்கும் தெரியும். ஆனால் யார் கண் என்று யோசித்துப் பாருங்கள். என் கண்தானே. பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு வலித்தது, அவ்வளவுதான். வளைகாப்பில் என்னைத் தள்ளி நிறுத்தியவர்கள் பக்கம் அவளும் போய் நின்றுகொண்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். அட்டையில் இருந்த நம்பருக்குத்தானே செய்வாள்.

"தமிழ்மொழிங்களா?"

"ஆமாங்க" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

"செவ்வாக்கெழம எடுத்த ஸ்கேன டாக்டர் இப்பத்தான் பாத்தாங்க. கரு கர்ப்பப்பையில தங்கலம்மா, குழாய்ல இருக்கும்போல தெரியுது. டாக்டர் உடனே வரச் சொன்னாங்க. இன்னைக்கே வந்துடுங்க, தள்ளிப் போடாதீங்க."

"சரிங்க, வந்துடுறேன்."

சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டாள், நல்ல பெண். "தஞ்சாவூர்ல காட்டிட்டோங்க, அங்கயே சேந்துட்டேன்" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் தமிழ்மொழிக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நாற்காலியில் உட்காரும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"வாயுத் தொல்லடி. நேத்து மொச்சக்கொட்ட தின்னேன்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கப்போவுது எனக்கு?"

"எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?"

என் முகத்தைப் பார்க்காமல் சேலை முந்தானையைத் திருகினாள். "இருந்தா ஒங்கிட்ட சொல்லாம யாருகிட்டடி சொல்லப்போறேன்" என்றாள். பக்கத்துக் கடையில் ஓமத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இப்போது தேவலாம் என்று எழுந்து போனாள். வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டேன்.

அன்று சாயங்காலம் குழாய் வெடித்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் அறிவழகன் சிமெண்ட் ஆலை லாரி ஓட்டுகிறவர், லோடு ஏற்றப் போயிருந்தார். அடுப்படியில் மயங்கிக் கிடந்தவளை அக்கம்பக்கத்தார் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அரியலூர் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தேன். குளிப்பாட்டும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். அழுதேன், அது நடிப்பு இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அறிவழகன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு தடவை போன் செய்தோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, அந்த நம்பரை வாங்கிப் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"தங்கச்சி, அவளுக்கு ஒன்னப் பத்திதான் கவல" என்றார். "ஜோதிகிட்ட எப்புடி சொல்றது, சொன்னா ஒடஞ்சு போயிடுவாளேன்னு தெனம் பொலம்புவா. பொறக்குற புள்ளைய நீதான் மொதல்ல தூக்கணும்னு வேற சொல்லிக்கிட்டிருந்தா."

இரக்கப்பட்டிருக்கிறாள். என்னைப் பார்த்து. அதைக் கேட்டபோது உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன், துக்க வீட்டு மனிதர்.

அவளுக்கு நான் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அவள்மேல் கை வைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை, எனக்குப் புரிகிறது. ஆமாம், தெரியும். குழாயில் கரு தங்கினால் என்ன ஆகும் என்று வியாழக்கிழமையே கடைக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். உயிருக்கு ஆபத்து என்று தமிழிலேயே போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் சனிக்கிழமை அந்த நர்ஸிடம் பொய் சொன்னேன். திங்கட்கிழமை அவள் வயிற்றைப் பிடித்தபோது எதனால் என்றும் தெரியும்.

அவள் வாயாலேயே சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.