'ஃபாரன்' என்னும் வினைக்காகக் காவல் நிலையம் ஏறிய ஆசிரியைக்கு

பிழை பொறுத்த பெருந்தகையே! பிறர் துயர் துடைத்த பேரன்பே! ஹைட்ரூன் வோல்க்கெ அம்மையீர்!

பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருவோர்க்குக் காசல் நகரின் இம்மாலைப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் ஜெர்மன் மொழி பயிற்றி இன்று ஓய்வுபெறும் தங்களைப் போற்றச் சொல் தேடினோம். முன்வந்து நின்றது 'ஃபாரன்' என்னும் வினை.

வண்டியில் செல்வதும் ஃபாரன். வண்டியை ஓட்டுவதும் ஃபாரன். நடந்து முடிந்ததைச் சொல்கையில் 'பின்' என்னும் துணைவினை சேர்ந்தால் சென்றவர். 'ஹாபெ' சேர்ந்தால் ஓட்டியவர். இந்த நூலிழை வேற்றுமையில் ஒருவர் வாழ்வே தொங்கியதே!

எரித்திரியாவிலிருந்து வந்து ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர் தங்கள் மாணவர் தெஸ்ஃபாய். ஒரு பனிக்காலையில் அவர் ஏறிவந்த கார் விளக்குக் கம்பத்தில் மோத, ஓட்டிய சக பணியாளர் ஓடிவிட்டார். விசாரித்த காவலரிடம் "காரில் வந்தேன்" என்று சொல்ல எண்ணிய தெஸ்ஃபாய், 'ஹாபெ' சேர்த்துச் சொல்லிக் கையெழுத்தும் இட்டார். உரிமமின்றி ஓட்டியதாக வழக்கு. வேலையும் போகும் நிலை. செய்தியறிந்து மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றீர்கள்.

"டீச்சர், நான்தான் ஓட்டினேன்னு அவரே சொல்லியிருக்காரே!" என்றார் காவலர்.

"அந்தப் பாடத்துக்கு நாங்க இன்னும் வரலைங்க. தப்பு என்னோடது."

"இலக்கணத்துக்காக வழக்கை விடச் சொல்றீங்களா?"

"வேணாம். சட்டையை விலக்கிப் பாருங்க. பெல்ட் தடம் எந்தத் தோள்ல இருக்கு?"

வலத்தோளில் இருந்தது. ஜெர்மனியில் இடப்பக்கம் இருக்கும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தால் இடத்தோளில் அல்லவா பதிந்திருக்கும்! வாக்குமூலம் திருத்தப்பட்டது, மூன்றாம் நாள் ஓட்டியவரே வந்து ஒப்புக்கொண்டார். நிலையத்தின் படியில் நின்று தெஸ்ஃபாய் கண்கலங்க, "அழறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த வாக்கியத்தைச் சரியாச் சொல்லுங்க" என்றீர்களாம்!

அவ்வாண்டே, பாடநூலில் பதினான்காம் பாடமாக இருந்த ஃபாரனை முதல் நாள் மாலை வகுப்புக்கே மாற்றினீர்கள். "புத்தகம் போட்டவங்களுக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு?" என்று முணுமுணுத்தோம். காரணம் கேட்டும் ஒரு மாணவரின் அவமானத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. சென்ற மாதம் தெஸ்ஃபாயே வந்து சொன்ன பிறகுதான் அறிந்தோம், தலைகுனிந்தோம்.

அம்மையீர், முழங்கால் வலி விலகி, விரும்பிய கடற்கரையெல்லாம் நடந்து, நெடுநாள் நலமாக வாழுங்கள்! முணுமுணுத்ததற்கு மன்னியுங்கள். முதல் மாலைப் பாடத்தை இனி நாங்கள் நடத்துகிறோம். ஏன் முதலில் என்று கேட்போர்க்கு, பெயர் சொல்லாமலே விடை சொல்வோம்.

நன்றியுடன்,
மாலைநேர மொழிப்பள்ளி ஆசிரியர்கள், அலுவலர்கள்