இரண்டரை லிட்டர் வரை

வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உதவியாளராக உழைத்து ஓய்வுபெறும் திரு. ஸ்ரீபாலன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

அமிலத்தோடு அன்றாடம் பழகியும் அகம் அரிக்கப்படாத அண்ணலே! துளியளவும் பிசகாத தூயவரே! பிப்பெட்டுக்கும் பியூரெட்டுக்கும் பிதாமகரே!

இவ்வாண்டில் இப்பள்ளி எழுதும் ஐந்தாம் மடல் இது. எங்களைப் போலவே அடைமொழிகளும் அலுத்துவிட்டன. போனவர் இடமெல்லாம் காலியாகக் கிடக்க, இருப்பவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம். பொறுத்தருள்க!

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் உங்கள் சமண நெறிக்காக இன்றைய விருந்தை மூன்று மணிக்கே வைத்தோம். எத்தனையோ மாலை விழாக்களில் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, வெறும் வயிற்றோடு மாகறல் பேருந்தில் ஏறினீர்களே, அன்றெல்லாம் எங்களுக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

புகழ் அடுக்க ஆயிரம் உண்டு. இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட வேதியியல் ஆசிரியை நான், ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, அரசுச் செய்முறைத் தேர்வு நாள் காலை. ஒரு மோலார் அமிலம் கால் லிட்டர் எடுத்து, அதை 0.1 மோலாராக நீர்க்க வேண்டும். செறிவு பத்தில் ஒன்றாகக் குறைய, பருமன் பத்து மடங்காக வேண்டும்; அதாவது மொத்தம் இரண்டரை லிட்டர் வரும்வரை நீர் நிரப்ப வேண்டும். மூன்று ஆசிரியர் வேலையைப் பார்த்துக் களைத்திருந்த நானோ, நீரையே இரண்டரை லிட்டர் அளந்து ஊற்றிவிட்டேன். சேர்ந்தது இரண்டே முக்கால் லிட்டர். செறிவோ ஏறத்தாழ 0.091. நாற்பத்தெட்டு மாணவரின் விடையும் பிழையாகியிருக்கும்!

வழக்கம்போல் நீங்கள் அந்த அமிலத்தை நிறங்காட்டி கலந்த காரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒருமுறை சோதித்தீர்கள். இருபது மி.லி.யில் மறைய வேண்டிய இளஞ்சிவப்பு இருபத்திரண்டில்தான் மறைந்தது. "தண்ணி ஜாஸ்தியா இருக்குதும்மா. பசங்க வந்துக்கினு இருக்காங்க, கொட்டிட்டு வேற கலக்கிடலாம்" என்றீர்கள். புட்டியில் 'கலந்தவர்' என்று என் பெயரிட்டிருந்த சீட்டைக் கிழித்து, உங்கள் பெயரை எழுதி ஒட்டினீர்கள். தேர்வு அரைமணி தாமதம். காரணம் கேட்ட புறத்தேர்வாளரிடம், "தப்பு என்னுதுதான் சார்" என்றீர்கள். விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணையையும் நீங்களே கையெழுத்திட்டு வாங்கினீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

இன்று காலை தலைமையாசிரியரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பதிவேட்டில் இருக்கும் அந்தக் கறை அங்கே இருக்கக் கூடாது.

திங்கள் முதல் ஆய்வகச் சாவி என்னிடம். உங்கள் இடத்துக்கு எவரும் வரப்போவதில்லை. பிறர் பிழை சுமந்த பெருந்தகையே! இனியேனும் உங்கள் தோள் ஓயட்டும். வேளைக்கு உண்டு, நோயின்றி நூறாண்டு வாழ்க!

இப்படிக்கு,
ஆசிரியர், அலுவலர் அனைவரும்

அன்றைய கரைசலைக் கலந்தவர்: துர்கா