மேசை நகரத்தில் மின்வெட்டு இல்லை

ஜன்னலுக்குள் வைக்கும் சின்ன பல்புக்கு மஞ்சள் நிறம்தான் பொருத்தம், இன்ஸ்பெக்டர் மேடம். வெள்ளை வைத்தால் வீடு மாதிரி இருக்காது. மருந்துக்கடை மாதிரி இருக்கும்.

நீங்கள் சீல் வைத்த எங்கள் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். மேசைமேல் ஒரு நகரம். குண்டு விழுந்து இடிந்த தெருக்கள், பாதிச் சுவரோடு நிற்கும் வீடுகள். விரலளவு சிப்பாய்களை அதில் நிறுத்தி, பகடை உருட்டி, இருவர் போர் விளையாடுவோம். திண்டிவனத்தில் இதற்கு ஆள் கிடைக்காது. கோட்டக்குப்பம் சர்புதீன் துபாயிலிருந்து லீவில் வந்தால்தான் எனக்கு எதிரிப்படை.

இந்த முறை ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு போட்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பீப்பாய் நிஜமாகவே தீப்பிடித்த மாதிரி மினுக்கும். ஆட்டம் முழுவதையும் வீடியோ எடுத்துப் போடலாம் என்றான் சர்பு.

அதே வீட்டில்தான் என் அண்ணன் விருத்தாசலம் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். கரண்ட் போனாலும் மெஷின் நிற்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தது நான். அதை மட்டும் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அன்று பராமரிப்புப் பணி, ஊருக்கே கரண்ட் இல்லை. அண்ணி அம்சவள்ளி மருந்து வாங்க விழுப்புரம் கிளம்பினார்.

"தம்பி, அண்ணனப் பாத்துக்கினு இரு. ஜல்தியா வந்துடறேன்."

"நான் இருக்கேன்ல அண்ணி, போய்ட்டு வாங்க."

இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து மேசை நகரத்துக்கும் கொடுத்தேன். இரண்டையும் அது சுலபமாகத் தாங்கும். அண்ணனுக்குச் சேர வேண்டிய கரண்டை நான் எடுக்கவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் சத்தம்தான் தொல்லை.

"மச்சான், பின்னாடி டர்ரு டர்ருன்னு மோட்டார் ஓடுது பாரு. வீடியோல பேஜாரா இருக்கும்" என்றான் சர்பு. அதுவும் இன்வெர்ட்டரில் ஓடும் தண்ணீர் மோட்டார் என்று நினைத்திருந்தான். நானும் திருத்தவில்லை.

அண்ணன் அறைக்குப் போனேன். பிளக்கைப் பிடுங்கினால் அந்த மெஷின் அலறும். அதன் பட்டனையே அணைத்தால் அலறாது. அணைத்தேன்.

"டேய் மணி, கரண்டு இல்லியா?"

"மெயின்டனன்ஸ்ண்ணா. வந்துடும்."

இதில் பொய் எங்கே இருக்கிறது?

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். விளக்குகள் அவ்வளவு அழகாக எரிந்தன. நடுவில் டக் டக்கென்று சத்தம். அண்ணன் டம்ளரால் கட்டிலைத் தட்டினார். பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று சர்புவிடம் சொன்னேன். வீடியோவில் அது லேசாகத்தான் விழுந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்து சர்பு போனதும் மெஷினைப் போட்டேன். அண்ணி வந்தபோது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன்தான் இல்லை. அந்த அழுகையிலும் அண்ணி என் தலையைத் தடவி, "நீ பக்கத்துலியே இருந்தியே, அது போதும் தம்பி" என்றார்.

பத்தாம் நாள் காரியம் முடிந்தபின், சர்பு போட்ட வீடியோவை அண்ணிக்குக் காட்டினேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான். என் விளக்குகளை அதுவரை ஏறெடுத்தும் பார்க்காதவர், மறுபடி மறுபடி பார்த்தார்.

"அன்னிக்கு கரண்டே இல்லியே தம்பி. இன்வெர்ட்டர்லதான இந்த லைட்டு எரியுது? அப்ப அவரு மெஷின் சத்தம் ஏன் கேக்கல?"

உங்களிடம் வந்ததும் அவர்தான்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். ஆட்டத்தின் நடுவில் நான் ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்தேன், மேடம். அண்ணன் கையை நீட்டினார். பட்டன் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கூடத்தில் கடைசித் தெருவுக்கான சண்டை. இன்னும் கொஞ்ச நேரம் என்று சைகை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முடிந்ததும் போடுவதாகத்தான் இருந்தேன், போடவும் செய்தேன். அண்ணன்தான், சின்ன வயதிலிருந்தே, எதற்கும் பொறுத்திருக்க மாட்டார்.