வேலாயிக்கு எழுதிய ஓய்வுத் துண்டு

மூன்று மணிக்குத் தேநீர் குடிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அக்கரப்பத்தனையில் அந்த நேரத்துக்கு மூடுபனி இறங்கிவிடும். நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்ட மருந்துக்கூடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பதினொரு வருடம் தனியாகவே குடித்தேன். மனைவி மட்டக்களப்பை விட்டு வர மறுத்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளாதாம்.

நீங்கள் வேலாயியைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதற்குத்தான் வருகிறேன்.

1957 ஆனி மழையில் அவளுடைய கைக்குழந்தை இறந்தது. அதன்பிறகு அவள் சாப்பிடவில்லை, தலை சீவவில்லை. கணவன் பழனியாண்டி என்னிடம் கூட்டிவந்தான். மருந்து கொடுத்தேன், பேசவிட்டேன். நான் சொன்னதையும் அவள் கேட்டாள். அந்தத் தோட்டத்தில் என் பெயர் என்னவென்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் காளியாயி அவளைக் கொழுந்தெடுக்க இழுத்துப் போனாள். "அழுவுறதுன்னா மலையில நின்னு அழுவு புள்ள, கூடையாவது நெறையும்" என்றாளாம். நாலாம் நாள் வேலாயி சிரித்தாள். மனம் தேறினால்தான் உடம்பு நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உடம்பு நடந்தால் மனமும் பின்னாலேயே எழுந்து வரும் என்பதை அன்று கண்டுகொண்டேன். கைக்கு வேலை, பக்கத்தில் நாலு பெண்கள். என் போத்தல்களில் அப்படியொரு மருந்து இல்லை.

மருந்துக்கு அடிக்கடி வந்தவள் அந்த வாரம் ஒரே தடவைதான் வந்தாள். "இனி மருந்து வேணாமுங்க ஐயா. மலைக்குப் போனா மனசு லேசா இருக்குங்க."

சந்தோஷம் என்றேன். பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று ஓய்வுத் துண்டுச் சீட்டு எழுதினேன்.

மருந்துக்கூடத் துண்டைத் தோட்டத்தை நடத்தும் துரையும் தட்டமாட்டார். அது இருந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட மாட்டார்கள். மலையில் கால் வைக்கவும் விடமாட்டார்கள். மூளை களைத்திருக்கிறது, மூன்று மாதம் வேலை கூடாது என்று எழுதினேன். பேச்சுத்துணையும் ஆகாது, காளியாயியை வாசலிலேயே நிறுத்து என்று பழனியாண்டியிடம் சொன்னேன். மருந்தை மட்டும் தினமும் மூன்று மணிக்கு என் முன்னால் வந்து குடிக்க வேண்டும்.

அவள் மறுபடி வாடினாள். எதைத் தடுத்தால் வாடுவாள் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு துண்டு எழுதினேன். இரக்கம் இல்லாமல் இல்லை. அவளுக்கென்று நல்ல பிஸ்கட் வாங்கி வைத்தேன்.

மார்கழியில் பழனியாண்டி அவளை நல்லதண்ணிக்கு, அவளுடைய அக்காள் வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். அங்கே யாத்திரைக்காக மலை ஏற ஆட்கள் வரும் காலம்; அக்காள் போடும் கடையில் கூடமாட நிற்கலாம். "நாலு சனத்தப் பாத்தான்னா பொழச்சிருவாங்க ஐயா."

அவன் சொன்னது சரி. அதனால்தான், பஸ் ஏற முடியாத அளவுக்கு அவள் சோர்ந்திருக்கட்டும் என்று தூக்க மருந்தை இரட்டித்தேன். நான்கு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

ஊற்றிக் கொடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: துண்டு கொடுத்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை. கடைசி நாள் நடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்மேல் பிரியம் இல்லாதவள் அப்படி வருவாளா?