மசணி போட்ட தழை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தக் காடு சரணாலயம்னு பேர் வாங்காத காலம். செக்போஸ்ட்டும் இல்ல, போர்டும் இல்ல. அப்ப இதுக்குக் கீழ கூட்டுப்பாறைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல மசணின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். காட்டுல முன்னால நடக்க அவளை விட்டா ஆளே கிடையாதாம்.

முன்னால போறவங்களுக்கு ஒரு வேலை உண்டு. தடம் ரெண்டாப் பிரியற எடத்துல, போகக்கூடாத தடத்துக்குக் குறுக்க பச்சைத் தழைய ஒடிச்சுப் போடணும். பின்னால வர்றவங்க மறுபேச்சுப் பேசாம மத்த தடத்துல போவாங்க.

ஒரு கோடையில காடு பத்திக்கிச்சாம். ஊரே கெளம்பி மேல ஏரிக்கு ஓடுது. மசணி முன்னால ஓடறா. நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்தப் பிரிவுக்கு வந்தா. பாறைத்தடம் சுத்து, மூங்கில்தடம் கிட்ட. கைக்குழந்தைக்காரி இருக்கா, நடக்கமாட்டாத கெழடு கட்டை இருக்கு, கிட்டத்துலயே வரட்டும்னு பாறைத்தடத்துக்குத் தழையப் போட்டுட்டு மூங்கிலுக்குள்ள பூந்தாளாம். ஏரியும் வந்திருச்சு. அப்பாடான்னு திரும்பிப் பாத்தா, காத்து மாறி, அவ வந்த மூங்கில் படபடன்னு வெடிக்குது.

அவ பொழச்சுட்டா. ஆனா ஊரு தழைய நம்பி நேரா நெருப்புக்குள்ள வருமே. பாறை வழியா சுத்திப் போக நேரமில்ல. என்ன பண்ணினா? ஏரியில முங்கினா. ஈரச் சேலையோட வந்த வழியே திரும்பி ஓடினா. ஓடினாளே சாமி, ஓடினாளே.

முடி கருகி, கால் வெந்து அவ வெளிய வர்றப்ப, ஊர் மூப்பன் மூங்கில்தடத்துல கால வச்சுட்டாராம். மசணி பாறைத்தடத்துல கெடந்த தழைய எடுத்து அவரு முன்னால போட்டா.

"நீதானம்மா இந்த வழிய விட்டு வச்ச?"ன்னாராம் மூப்பன்.

"போய்ப் பாக்காம விட்டு வச்சேன், தப்பு என்னோடது. பாறையில ஏறுங்க"ன்னாளாம்.

ஒரு உசுரும் போகல. மசணியத் தூக்கிக்கிட்டுத்தான் ஊரு ஏறுச்சாம். ஏரிக்கரையில எல்லாரும் அவளைக் கொண்டாட, அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாளாம். இனிமே முன்னால போறவங்க ஏரித் தண்ணியில கால நனச்சுட்டு, திரும்பி வந்துதான் தழை போடணும்னு.

அன்னையிலிருந்து இந்தப் பிரிவுக்கு மசணித்தழைன்னு பேரு. இப்ப வனத்துறை அம்புக்குறி போட்டு போர்டு வச்சிருக்கு, இருக்கட்டும். நாங்க மசணி வம்சம். உங்கள உக்கார வச்சுட்டு இந்தக் கெழவன் எங்க போய்த் தொலைஞ்சான்னு முணுமுணுத்தீங்கல்ல? என் வேட்டியத் தொட்டுப் பாருங்க, இன்னும் காயல. தழையும் போட்டாச்சு. எந்திரிங்க, போலாம்.